மேக்சிமா கிளாம் ஒரு பக்கம் மட்டும் விரிய மாட்டேன் என்கிறது: நன்னீர்க் குளியல் கொடுக்கலாமா?

அலைமகன்

வணக்கம் நண்பர்களே. என் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) சுமார் 300 லிட்டர், ஒரு வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 7 செ.மீ. அளவில் ஒரு மேக்சிமா கிளாம் (இராட்சதச் சிப்பி வகை) இருக்கிறது. நல்ல நீலம், ஓரத்தில் தங்கப் புள்ளிகள். வந்த புதிதில் மேன்டில் (உள்ளிருந்து விரியும் வண்ணச் சதை மடல்) ஓட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்து நிற்கும். கை நிழல் பட்டாலே சட்டென்று மூடும். கொஞ்ச நாளாக ஒரு பக்க மேன்டில் மட்டும் பாதிதான் வருகிறது. இன்னொரு பக்கம் வழக்கம் போல விரிகிறது. சைஃபன் (நீர் போய்வரும் துளை) சாதாரணமாகத்தான் தெரிகிறது. நிழலுக்கு இன்னும் மூடுகிறது, ஆனால் முன்பு போல் வேகம் இல்லை.

நீர் விவரம்: வெப்பம் 26 டிகிரி, உப்பு 35 பிபிடி, கால்சியம் 410, மெக்னீசியம் 1320. ஆல்கலினிட்டி (நீரிலுள்ள கார்பனேட்டின் அளவு) போன வாரம் 7.4, நேற்று 9.1 டிகேஹெச். நைட்ரேட் டெஸ்ட்டில் எதுவும் காட்டவில்லை, பாஸ்பேட் 0.01. விளக்கு எல்இடி. பார் (கிளாமுக்குக் கிடைக்கும் ஒளியின் அளவு) அளந்ததில்லை.

மீன்கள்: கோமாளி மீன் ஜோடி, ஒரு மஞ்சள் டாங், ஒரு கோரல் பியூட்டி ஏஞ்சல், இரண்டு கோபி.

தேடிப் பார்த்ததில் ‘பிஞ்ச்டு மேன்டில்’ நோய் என்றும், அதற்கு நன்னீரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். விற்றவரைக் கேட்டால் “பசிதான், தினமும் பைட்டோ (மிதக்கும் நுண்பாசிச் சாறு) ஊற்றுங்கள்” என்கிறார். எதைச் செய்வது?

உப்புநீர்

கோரல் பியூட்டி. வேறு எதையும் தேட வேண்டாம். ஏஞ்சல் மீனையும் கிளாமையும் ஒரே டேங்கில் வைத்துவிட்டு நோய் என்ன என்று கேட்கிறீர்கள்.

பவளத்தோட்டம்

உப்புநீர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவசரப்பட வேண்டாம். அலைமகன், முதலில் ஒன்று: நன்னீர்க் குளியல் இப்போதைக்கு வேண்டாம். கிளாம் சோர்ந்திருக்கும்போது செய்கிற எந்த வைத்தியமும் அதற்கு இன்னொரு அடி. காரணம் தெரிந்த பிறகு கொடுப்பதுதான் முறை.

கிளாம் சரியில்லை என்று சொல்வதில் மூன்று விதம் உண்டு. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி கிளாம்கள் சாகின்றன.

முதலாவது, நீங்கள் படித்த பிஞ்ச்டு மேன்டில். மேன்டிலின் ஓரம் அங்கங்கே கிள்ளி இழுத்தது போல உள்ளே மடிந்திருக்கும். நடுப்பகுதி வெளியே வர முயலும், ஓரம் மட்டும் சுருண்டு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒற்றைச் செல் ஒட்டுண்ணி காரணம் என்றுதான் பொழுதுபோக்காளர்கள் நம்புகிறார்கள். பக்கத்தில் வேறு கிளாம் இருந்தால் அதற்கும் பரவும். நன்னீர்க் குளியல் இதற்குத்தான். சிலருக்கு உதவியிருக்கிறது, அனுபவ வைத்தியம்.

இரண்டாவது, வாய் பிளந்து நிற்பது. ஓடு அளவுக்கு மீறித் திறந்திருக்கும், நீரை உள்ளே இழுக்கும் சைஃபன் ஓட்டை நீளமாக இழுபட்டு உள்ளே செவுள் வரை தெரியும், மேன்டில் பின்னால் சாய்ந்து தொங்கும். இது நோயின் பெயர் அல்ல, உடல் தளர்ந்துவிட்டது என்ற அறிகுறி. வெப்பம் ஏறியது, அம்மோனியா, ஒளிப் பற்றாக்குறை, பாதம் கிழிந்தது என்று எதுவும் காரணமாக இருக்கலாம். உங்கள் கிளாம் இந்த நிலையில் இல்லை, நல்லது.

மூன்றாவதுதான் உங்களுடையது போலத் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் சுருக்கம். நீரில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் சுருங்க வேண்டும் அல்லவா? ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ தொந்தரவு செய்கிறது. கொத்துகிற மீன், உரசுகிற கோமாளி, இரவில் கொட்டுகிற அண்டைப் பவளம், எய்ப்டாசியா (கொட்டும் சிறு அனிமோன்), ஒட்டுண்ணி நத்தை, நேராக அடிக்கும் பம்ப் ஓட்டம். வரிசையாகப் பாருங்கள்.

எனக்குத் தேவையான தகவல்: கிளாம் பாறையில் இருக்கிறதா மணலிலா? சுருங்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது? விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சிவப்பு டார்ச்சை வைத்துக்கொண்டு பார்த்தீர்களா?

சிறுநண்டு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கோமாளி மீன் கிளாமில் உரசுமா? அனிமோன் என்று நினைத்துக்கொள்ளுமா?

மட்டி ரசிகை

ஆமாம், அனிமோன் இல்லாத டேங்கில் கோமாளி ஜோடி எதையாவது வீடாக்கிக்கொள்ளும். கிளாம் மேன்டிலும் அதில் ஒன்று. முதலில் கிளாம் மூடி மூடித் திறக்கும், சில கிளாம்கள் பழகிக்கொள்ளும், சில பழகாது. 7 செ.மீ. கிளாம் என்றால் ஒரு கோமாளி உரசினாலே அதன் பாதி உடலில் இடிக்கும். அலைமகன், உங்கள் ஜோடி இரவில் எங்கே தூங்குகிறது?

அலைமகன்

கோமாளிகள் மேற்பரப்புக்குப் பக்கத்தில் பம்ப் மூலையில்தான் தூங்குகின்றன, கிளாம் பக்கம் வருவதில்லை.

கிளாம் பாறை நடுவில் ஒரு தட்டையான இடத்தில் இருக்கிறது. வரும்போதே ஒரு சிறு பாறைத் துண்டில் ஒட்டி வந்தது, அந்தத் துண்டோடுதான் வைத்தேன். சுருங்கும் பக்கம் பாறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. மறுபக்கம் திறந்த வெளி. பக்கத்தில் பவளம் எதுவும் இல்லை, கொஞ்ச தூரத்தில் டார்ச் கோரல் என்ற பவளம் ஒன்று மட்டும். ஏஞ்சலை இன்று வெகுநேரம் கவனித்தேன். பாறையைக் கொத்துகிறது, கிளாம் ஓட்டின் மேல் இருக்கும் பாசியையும் ஒன்றிரண்டு முறை கொத்தியது, மேன்டிலைத் தொடவில்லை.

உப்புநீர்

நீங்கள் பார்க்கும்போது தொடாது. டேங்கின் முன்னால் மனிதன் நின்றால் சாப்பாடு வருகிறது என்று அதன் கவனம் முழுக்க உங்கள் மேல்தான் இருக்கும். ஒரு போனை நிறுத்தி வைத்து வீடியோ எடுத்துவிட்டு வெளியே போங்கள்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த எண்களை யாரும் பார்க்கவில்லையா? ஒரு வாரத்தில் 7.4-இலிருந்து 9.1. கையால் ஊற்றி ஏற்றினீர்களா?

கிளாம் ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதைக் கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் நிலையான விகிதத்தில் எடுக்கிறது. சுமார் 2.8 டிகேஹெச் ஆல்கலினிட்டி இறங்கும்போது கால்சியம் 20 பிபிஎம் அளவுக்குத்தான் இறங்கும். அதனால் கால்சியம் டெஸ்ட் “எல்லாம் நன்று” என்று காட்டும்போதே ஆல்கலினிட்டி அடியில் போயிருக்கும். வாரம் ஒரு முறை கால்சியம் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். நன்றாக வளரும் கிளாம் ஒன்று வந்ததும் டேங்கின் தினசரித் தேவை கூடும், அது பெரிதாகப் பெரிதாக இன்னும் கூடும். தினமும் ஊற்றும் பழைய டோசிங் அளவு அப்படியே இருந்தால் மெல்ல மெல்லச் சரியும்.

8-க்கும் 9-க்கும் நடுவில் ஏதாவது ஓர் எண்ணைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள். 8 ஆ 8.5 ஆ என்பது முக்கியமில்லை. ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள், அரையோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350, உங்களுடையது இரண்டும் சரிதான்.

அப்புறம் அந்த நைட்ரேட் பூஜ்யம். எனக்கு அதுதான் ஆல்கலினிட்டியை விடக் கவலை. கிளாம் நைட்ரஜனை நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும் உயிரினம். மேன்டிலுக்குள் இருக்கும் ஜூக்சாந்தெல்லே பாசிக்கு அம்மோனியமும் நைட்ரேட்டும் உரம். நீரைக் கண்ணாடி போல் உரித்து எடுத்துவிட்டால் பாசி குறையும், மேன்டில் வெளிறும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று ஏதோ ஓர் அளவில் இருக்கட்டும்.

அலைமகன்

ஆமாம், 7.4 பார்த்ததும் பயந்து இரண்டு வேளை ஆல்கலினிட்டி ஏற்றும் பஃபர் ஊற்றினேன். இனி சிறு அளவாகப் பிரித்துத் தருகிறேன். நைட்ரேட்டுக்கு என்ன செய்வது? அதற்கும் தனியாக வாங்கி ஊற்ற வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

எதையும் வாங்க வேண்டாம். மீன்களுக்குச் சாப்பாட்டைக் கூட்டுங்கள். ஸ்கிம்மரை (நுரையாக்கிக் கழிவை எடுக்கும் கருவி) கொஞ்சம் தளர்த்துங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் பொருள் ஏதாவது வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

மட்டி ரசிகை

நானும் அதையே சொல்ல வந்தேன். மீன்கள் நன்றாகச் சாப்பிடும் டேங்கில் கிளாம் நன்றாக இருக்கும். பைட்டோவும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம், கெடுதல் இல்லை.

உப்புநீர்

ஆரம்பித்தாயிற்று. பைட்டோ என்பது புட்டியில் அடைத்த பச்சைத் தண்ணீர். கிளாமுக்கு வேண்டியது ஒளி. வெளிச்சம் போதுமான டேங்கில் ஒரு சொட்டு பைட்டோ இல்லாமல் கிளாம்கள் வருடக்கணக்கில் வளர்கின்றன. விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு ஊற்றினால் பாசி வளரும், பணம் போகும்.

மட்டி ரசிகை

ஒளி போதும் என்றால் அதற்கு ஏன் சைஃபனும் செவுளும் வயிறும் இருக்கின்றன? ஜைகாஸ் கிளாம்களை வைத்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சுவாசத்துக்கும் வளர்ச்சிக்கும் தேவையான கார்பனில் வடிகட்டிச் சாப்பிடுவது எவ்வளவு தருகிறது என்று பார்த்தார்கள். மிகச் சிறிய குஞ்சுகளில் சுமார் 65 சதவீதம், பெரியவற்றில் சுமார் 34 சதவீதம். பெரிய கிளாமிலேயே மூன்றில் ஒரு பங்கு! “கிளாம் வெறும் வெளிச்சத்தில் வாழும் செடி” என்று பேசுவதை நிறுத்தலாமே.

உப்புநீர்

அது ஜைகாஸ். ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து 200 கிலோவைத் தாண்டும் இனம். இங்கே பேசுவது மேக்சிமா. அதுவும் அவர்கள் சொல்லும் ‘மிகச் சிறிய’ என்பது உலர்ந்த சதை எடை 100 மில்லிகிராம் உள்ள குஞ்சு, 7 செ.மீ. கிளாம் இல்லை. தவிர அவை பவளத்திட்டுக் கடல்நீரில் இருந்தன, நம் புட்டிச் சாறில் இல்லை.

பவளத்தோட்டம்

இருவரும் சொல்வது ஒன்றோடொன்று மோதவே இல்லை, கவனித்தீர்களா? கிளாம் வடிகட்டிச் சாப்பிடுகிறது என்பது உண்மை. மீன்களுக்கு நன்றாகச் சாப்பாடு போடும் டேங்கில் மிதக்கும் துகளும், கரைந்த நைட்ரஜனும் ஏற்கனவே இருக்கின்றன என்பதும் உண்மை. என் கணக்கு இது: 5 செ.மீ.-க்குக் குறைந்த கிளாம் என்றால் பைட்டோ கொடுங்கள், அதற்கு மேல் விருப்பம் போல. ஆனால் ஒளி குறைந்த கிளாமை பைட்டோவால் காப்பாற்ற முடியாது. அந்த வியாபாரி சொன்னது அதனால்தான் தவறு. பசி என்றால் ஒரு பக்கம் மட்டும் பசிக்காது.

உங்கள் டேங்கில் ஒளி எவ்வளவு என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. அலைமகன், யாரிடமாவது பார் மீட்டர் இரவல் வாங்க முடியுமா? மேக்சிமா, குரோசியா இரண்டும் ஆழம் குறைந்த இடத்து இனங்கள், 200-க்குக் கீழே வைத்தால் மெல்லத் தேயும், 300 பக்கம் இருந்தால் மகிழ்ச்சி. ஸ்குவாமோசாவும் டெராசாவும் 150 முதல் 200-இல் சமாளித்துவிடும். குறைந்த ஒளியில் கிளாம் உடனே சாகாது. மாதக்கணக்கில் சேமிப்பைத் தின்றுகொண்டு அழகாகவே நிற்கும், பிறகு திடீரென்று ஒரு வாரத்தில் போய்விடும். “நேற்று வரை நன்றாக இருந்தது” என்று எழுதுகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

அதற்காக இன்றே விளக்கை நூறு சதவீதத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். குறைந்த ஒளிக்குப் பழகிய கிளாமுக்குத் திடீரென்று ஒளியைக் கூட்டினால் நடுப்பகுதியிலிருந்து வெளுக்கத் தொடங்கும். வாரத்துக்கு ஐந்து சதவீதம் போல ஏற்றுங்கள்.

ஓட்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக, மெல்லிய புது வளர்ச்சி தெரிகிறதா? மேன்டில் விரிவதை விட அதைத்தான் நான் நம்புவேன்.

அலைமகன்

புது வளர்ச்சி மெல்லிதாக இருக்கிறது, ஆனால் சுருங்கும் பக்கத்தில் குறைவு. பார் மீட்டருக்கு ஒரு நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று இரவு டார்ச் வைத்துப் பார்க்கிறேன்.

சிறுநண்டு

காத்திருக்கும் நேரத்தில் ஒரு கேள்வி. எனக்கும் ஒரு கிளாம் ஆசை. 2 செ.மீ. குரோசியா ஒன்று, பிரமாதமான ஊதா. சின்னது என்பதால் விலையும் குறைவு. டேங்க் ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. வாங்கலாமா?

பவளத்தோட்டம்

வேண்டாம் தம்பி. இரண்டு காரணம். டேங்க் இன்னும் நிலைப்படவில்லை. அப்புறம் 2 செ.மீ. குஞ்சு என்பது சேமிப்பே இல்லாத பிராணி, ஒரு வாரம் சரியில்லை என்றால் போய்விடும். 6 அல்லது 7 செ.மீ. அளவில் வாங்குங்கள்.

இனத்தையும் யோசியுங்கள். குரோசியா தன் வாழ்நாள் முழுக்கப் பாறைக்குள் துளைத்து உட்காரும் வகை, சுமார் 15 செ.மீ.-க்கு மேல் போகாது. அளவு பொருந்தும், ஆனால் ஒளியில் கறாரானது, பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும்போதே பாதத்தில் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆரம்பிப்பவர்களுக்கு டெராசாதான் நான் சொல்வது. பண்ணையில் வளர்த்தது எளிதாகக் கிடைக்கிறது, பசிபிக்கில் பலாவ் தீவில் 1970களிலிருந்தே கிளாம் இனப்பெருக்கம் செய்கிறார்கள். பொறுமைசாலி. ஒரே குறை, அரை மீட்டர் வரை வளரும். உங்கள் டேங்க் சின்னது என்றால் பிறகு யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

மட்டி ரசிகை

என் ஓட்டு ஸ்குவாமோசாவுக்கு. ஓட்டின் மேல் மடல் மடலாக இருக்கும் செதில்களுக்காகவே வைக்கலாம். (அந்த மடல்களின் அடியில் நத்தை முட்டை ஒளிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.)

வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். கையை ஒளிக்குக் குறுக்கே கொண்டு போங்கள். மேன்டில் ஓரத்தில் நூற்றுக்கணக்கான சிறு கண்கள் இருக்கின்றன, ஊசித்துளைக் கேமரா மாதிரிதான் அவற்றின் அமைப்பு. நிழலைக் கண்டதும் சுருக்கென்று மூட வேண்டும். மெதுவாக மூடினால் விட்டுவிட்டு வாருங்கள். அடுத்து அடிப்பக்கம். பாறையைப் பற்றிக்கொள்ளும் பைசல் இழைகள் வெளிவரும் ஓட்டைக்குள் பாதம் முழுசாக இருக்க வேண்டும், கிழிந்த சதை தொங்கக் கூடாது. கடைக்காரர் கண்ணாடியிலிருந்து பிடித்து இழுத்து எடுத்தால் அந்தக் கிளாமை வாங்கவே வாங்காதீர்கள். மெல்லிய பிளேடால் இழைகளை மட்டும் ஒட்டிய இடத்தில் அறுக்க வேண்டும். இழை மறுபடி வளரும், கிழிந்த பாதம் தேறுவது அபூர்வம்.

இன்னொன்று, காகிதம் கேளுங்கள். இராட்சதக் கிளாம் குடும்பம் முழுவதும் 1985 முதல் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, ஜைகாஸும் டெராசாவும் 1983-லேயே சேர்ந்துவிட்டன. நாடு விட்டு நாடு வருவதற்கு அனுமதி தேவை. சில நாடுகளில் உள்ளூர்ச் சட்டம் அதைவிடக் கடுமை. பண்ணையில் பிறந்ததாகச் சான்று உள்ளதை மட்டும் வாங்குங்கள். கடலிலிருந்து பிடுங்கியது பெரும்பாலும் பாதம் கிழிந்தே வரும், ஆக உங்களுக்கும் அதுதான் லாபம்.

சிறுநண்டு

நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஊதாவை மறந்துவிடுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆமைவேகம்

நிறத்தைப் பற்றிப் பேசுவதால் ஒரு கிளைக்கதை. நம்மில் பலர் மேக்சிமா என்று வைத்திருப்பது மேக்சிமாவே இல்லை. மேன்டில் ஓரம் நெடுக வெள்ளைக் கோடு போட்ட கண்ணீர்த்துளி வடிவங்கள் இருந்தால் அது நோயே (Tridacna noae) என்ற தனி இனமாக இருக்கலாம். 1798-இல் பெயர் வைத்தார்கள், பிறகு மேக்சிமாவோடு சேர்த்து மறந்துவிட்டார்கள், 2014-இல்தான் மரபணு பார்த்துத் தனி இனம் என்று மீண்டும் உறுதிப்படுத்தினார்கள். அந்த நீலம், பச்சை எல்லாம் சாயம் இல்லை. ஐரிடோசைட் என்ற செல்களுக்குள் அடுக்கடுக்கான தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. அதனால்தான் மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கண்ணாடி வழியாகப் பக்கவாட்டில் பார்த்தால் மந்தமான பழுப்பு. டேங்கின் அடியில் வைத்தால் அதன் நிறத்தை நன்றாக ரசிக்கலாம், வெளிச்சம்தான் போதாது.

வளர்ப்பில் வித்தியாசம் ஒன்றுமில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

அலைமகன்

கிடைத்துவிட்டது! இரவு விளக்கு அணைந்து வெகுநேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சை அடித்தேன். சுருங்கும் பக்கத்தில் ஓட்டு விளிம்பை ஒட்டி அரிசி போல வெள்ளையாகக் குட்டி நத்தைகள், நான்கைந்து இருக்கும். பகலில் ஒன்று கூட இல்லை. இதுதானா? இல்லை, பாசி தின்னும் ஏதாவது நத்தையின் குட்டிகளா? டேங்கில் செரித் நத்தைகள் குட்டி போட்டிருக்கின்றன.

பவளத்தோட்டம்

எங்கே இருக்கிறது என்பதே பதில். செரித் குட்டி கண்ணாடியிலும் பாறையிலும் எல்லா இடத்திலும் மேயும். மேன்டிலும் ஓடும் சேரும் விளிம்பில் வரிசையாக நின்றால் அது பிரமிடெல்லிட் நத்தை. வெள்ளையாக, நீண்ட கூம்பாக, சில மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். மெல்லிய உறிஞ்சு குழலை மேன்டிலுக்குள் செருகிச் சாற்றை இழுக்கும். பகலில் ஓட்டின் அடியில், பாறைக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். உங்கள் கிளாமின் அந்தப் பக்கம் பாறைச் சுவரை ஒட்டி இருக்கிறது என்றீர்களே, அதுதான் அவற்றின் வீடு.

பெரிய கிளாமுக்கு நான்கைந்து நத்தை பெரிய விஷயமில்லை. 7 செ.மீ.-க்கு இது உயிர்ப் பிரச்சினை, காரணம் இவை படுவேகமாகப் பெருகும்.

செய்ய வேண்டியது: கிளாம் பாறைத் துண்டோடு இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், துண்டோடு சேர்த்து மெதுவாக எடுங்கள். கிளாமை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். டேங்க் நீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதற்குள் வைத்தே புது, மென்மையான பல் துலக்கும் பிரஷால் ஓடு முழுக்கத் தேயுங்கள். மடல்களின் அடி, கீல் பகுதி, அடியில் பைசல் ஓட்டையைச் சுற்றி எல்லாம். சதையில் பிரஷ் படக் கூடாது. நத்தையை விட முக்கியம் முட்டை: கண்ணாடி மாதிரி தெளிவான ஜெல்லிப் பொட்டுகளாக ஓட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தடவினால் வழுக்கும். ஒன்று தங்கினால் மறுபடி ஆரம்பம்தான். அந்தக் கிண்ண நீரை டேங்கில் ஊற்றிவிடாதீர்கள்.

இரவு வேட்டையை ஒவ்வொரு நாளும் தொடருங்கள், வாரம் ஒரு முறை மறுபடி தேயுங்கள். ஒரு மாதமாவது ஒன்றும் கண்ணில் படாத வரை விடாதீர்கள். திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து தள்ளி, சுற்றிலும் இடம் விட்டு வையுங்கள்.

மட்டி ரசிகை

அப்படியே பைசல் ஓட்டைக்குள்ளும் ஒரு பார்வை. அங்கே பெரிய நத்தை ஏதாவது, மேலே ரோமம் போல இருக்கும் ஓட்டோடு, ஒளிந்திருந்தால் அது சைமாட்டியம். பிரமிடெல்லிட் உறிஞ்சும், இது உள்ளே நுழைந்து முழுக் கிளாமையும் தின்றுவிடும். ஒன்றே போதும்.

புழு தெரிந்தால் பதற வேண்டாம். பிரிசில் புழுக்கள் பெரும்பாலும் செத்ததைத்தான் தின்னும். செத்த கிளாமில் புழு மொய்ப்பதைப் பார்த்துப் புழுதான் கொன்றது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அலைமகன்

தேய்த்துவிட்டேன். ஓட்டின் அடியில் இன்னும் பல இருந்தன, கீல் பக்கத்தில் ஜெல்லிப் பொட்டும் இருந்தது. சைமாட்டியம் எதுவும் இல்லை, பாதம் முழுசாக இருக்கிறது. இப்போது பாறையின் முன்பக்கம் திறந்த இடத்தில் வைத்திருக்கிறேன். நன்னீர்க் குளியல் இனி தேவையில்லை அல்லவா?

பவளத்தோட்டம்

தேவையில்லை. மேன்டில் கிள்ளியது போல மடிந்தால் அப்போது பார்க்கலாம். அந்த நாள் வந்தால் ஆர்ஓ நீரை (ஆர்ஓ கருவியில் சுத்திகரித்த நன்னீர்) டேங்கின் அதே வெப்பத்துக்கும் பிஹெச்சுக்கும் கொண்டு வந்து 25 முதல் 30 நிமிடம், ஒரு நிமிடமும் கூட்டாமல். குழாய் நீர் கூடாது, அதில் செம்பு இருந்தால் கிளாமுக்கு விஷம். மீன் மருந்துகளில் இருக்கும் செம்பும் அப்படித்தான், ரீஃப் டேங்குக்குள் அது எந்த வடிவத்திலும் வரக் கூடாது.

கணக்குப்பிள்ளை

இடம் மாற்றியிருக்கிறீர்கள், விளக்கின் கீழே முன்பை விட அதிக வெளிச்சம் என்றால் விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள். ஆல்கலினிட்டி என்ன?

அலைமகன்

மூன்று நாளாக 8.4, 8.3, 8.4. சாப்பாட்டைக் கூட்டினேன், நைட்ரேட் முதல் முறையாக 3 காட்டுகிறது. விளக்கைப் பத்து சதவீதம் இறக்கிவிட்டேன்.

ஆமைவேகம்

தேய்க்கிற சலசலப்பில் கிளாமே முட்டை விட்டுவிடப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கிளாம்கள் அதிர்ச்சியில் சில நேரம் அப்படிச் செய்யும். முதலில் ஆணாக முதிர்ந்து பிறகு இரண்டுமாக ஆகும் பிராணி, முதலில் விந்து, அப்புறம் முட்டை. எனக்குத் தெரிந்த ஒருவர் டேங்கில் நடந்தது, அரை மணியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை, பால் வெள்ளை. ஸ்கிம்மர் பொங்கி வழிந்தது. நீரைச் சுத்தமாக்கும் கரியும், பெரிய நீர் மாற்றமும், காற்றுக் குழாயும் உடனே வேண்டும், இல்லையென்றால் ஆக்சிஜன் இறங்கி மீன்கள் திணறும்.

பவளத்தோட்டம்

7 செ.மீ.-இல் அந்தக் கவலை குறைவு. ஆனால் டெராசா வைத்திருப்பவர்கள் கரியைத் தயாராக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அலைமகன்

சில வாரம் கழித்து ஒரு தகவல். இரண்டாவது தேய்ப்பில் இரண்டு நத்தை கிடைத்தது, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. இரவு டார்ச்சிலும் எதுவும் தென்படவில்லை. மேன்டில் அந்தப் பக்கமும் ஓட்டின் விளிம்பைத் தாண்டிவிட்டது, மறுபக்கம் அளவுக்கு இன்னும் வரவில்லை. கீழே வைத்த பாறைத் துண்டில் புது இழை விட்டிருக்கிறது. பார் மீட்டர் கிடைத்தது: பழைய இடத்தில் 170, புது இடத்தில் 260. சுவரின் நிழல் அவ்வளவு தின்றிருக்கிறது.

இனி நத்தை வராமல் இருக்க சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீனை விடலாம் என்று படித்தேன். சரியா?

மட்டி ரசிகை

260 அருமை, அங்கேயே விட்டுவிடுங்கள், இனி நகர்த்த வேண்டாம்.

சிக்ஸ்லைன் அந்த நத்தைகளைத் தேடித் தேடித் தின்னும், அது உண்மை. ஆனால் பகலில் வேட்டையாடும் மீன், இரவில் தூங்கிவிடும். அதனால் பிரஷ் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட முடியாது. பெரிதானதும் ரவுடியாகும், உங்கள் கோபிகளைத் துரத்தும். மஞ்சள் நிற ஹாலிகோரஸ் ராஸ் சாதுவானது, அதுவும் நத்தை தின்னும். மணலில் புதைந்து தூங்கும் என்பதால் சில செ.மீ. மணல் இருக்க வேண்டும், டேங்குக்கு மூடியும் வேண்டும், குதிக்கும்.

அலைமகன்

மணல் இருக்கிறது, மூடிக்கு வலை போடுகிறேன். அப்படியானால் மஞ்சள் ராஸ்தான். சரி, அந்த ஏஞ்சல் வீடியோவும் எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் மேன்டிலை ஒரு முறை கூடத் தொடவில்லை.

உப்புநீர்

இன்னும் ஒரு மணி நேரம் எடுங்கள். சாப்பாடு போடுவதற்கு முன்னால், பசியில் இருக்கும்போது.